சேலத்திலிருந்து ஒரு கோப்பை பீர்: ருசிக்கப் பழகுவோருக்கு

சேலத்தில் பீர் வாங்கப் போகிறவர்கள் கடை ஜன்னலில் பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். கூலிங் இருக்கா? ஸ்ட்ராங் இருக்கா? நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன். பெங்களூரில் ஒரு கோதுமை பீரை மூக்கருகே கொண்டுபோன நாளில் அது மாறியது. பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது, கூடவே லேசாகக் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை என்று பரிமாறியவர் சொன்னார். அதன் பிறகு நான் கேட்கும் கேள்விகளே வேறு. இது எந்தத் தானியம், எந்த ஊர் வகை, எப்போது அடைத்தது?

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிற சேலம், ஏற்காடு பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இதுவரை குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஈரல் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஒரு கோப்பையோடு நிறுத்த முடியாது என்று தங்களைப் பற்றியே தெரிந்தவர்கள், தயவுசெய்து விலகியே இருங்கள். குடி சீரழித்த வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. நான் பேசுவது மெதுவாக, கொஞ்சமாக, வாசனை பார்த்துக் குடிப்பதைப் பற்றி மட்டும்.

முதலில் ஸ்ட்ராங்கை விடுங்கள்

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது சாதாரண பீர். அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஸ்ட்ராங். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சதவீதம் உள்ள 650 மில்லி பாட்டிலில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி. பிராந்தி, விஸ்கியில் இருப்பது 42.8 சதவீதம். அப்படியானால் அந்த ஒரு பாட்டில், 60 மில்லி லார்ஜ் இரண்டுக்குச் சமம். “பீர்தானே” என்று சொல்லிக் குடிப்பது இவ்வளவு. ருசி பழகுவதற்கு அது தடையும்கூட. ஆல்கஹாலின் எரிவும் தித்திப்பும் தூக்கி நின்றால் தானியத்தின் வாசனை எழவே எழாது. எனவே 5 சதவீதத்துக்கு உட்பட்டது, 325 அல்லது 330 மில்லி சின்ன பாட்டில், ஒரு நாளைக்கு ஒன்று. இதுதான் தொடக்கம்.

பாட்டில் வாங்குவதற்கு முன்னால் சமையலறை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பயன் தந்தது. பீரைப் பற்றிப் பேச நமக்குச் சொல் இல்லை என்று நினைக்கிறோம். அந்தச் சொற்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பிக்குப் பிறகு, சின்னக் கிண்ணங்களில் இவற்றை எடுத்து வையுங்கள்: நசுக்கிய தனியா, ஆரஞ்சுத் தோல், கனிந்த பூவன் பழத்தில் ஒரு துண்டு, இரண்டு கிராம்பு, சிக்கரி கலக்காத ஏற்காட்டுக் காப்பித்தூள், கருக வாட்டிய ரொட்டியின் ஓரம், இடித்த மிளகு, ஒரு டம்ளர் நீர்மோர். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள். வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி நீட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கண் பார்க்காதபோது தனியாவையும் ஆரஞ்சுத் தோலையும்கூட மூக்கு குழப்பிக்கொள்ளும். நாலு ஞாயிறு போனால் தெளிந்துவிடும்.

இவை ஒவ்வொன்றும் ஒரு பீருக்கு வழி. வாழைப்பழமும் கிராம்பும் ஜெர்மானியக் கோதுமை பீரான ஹெஃபெவைசனின் அடையாளம். தனியாவும் ஆரஞ்சுத் தோலும் பெல்ஜியத்தின் வெள்ளைப் பீரில் உண்மையாகவே போடப்படுகின்றன. ஹூகார்டன் என்ற ஊரில் அந்த வகை அறவே நின்றுபோய், 1960களில் பியர் செலிஸ் என்ற பால்காரர் மறுபடி காய்ச்சத் தொடங்கியதால்தான் இன்று உலகமெங்கும் கிடைக்கிறது. நம் ரசப்பொடியில் விழுகிற அதே தனியா, ஐரோப்பாவில் ஒரு கிராமத்துப் பீரில் இருப்பது எனக்கு இப்போதும் வியப்புதான். காப்பித்தூளும் கருகிய ரொட்டியும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு. அதில் வறுத்த பார்லி சேர்கிறது. மிளகு வாசனையைப் பெல்ஜியத்துப் பண்ணை பீரான சேஸோனில் தேடலாம். நீர்மோரை ஏன் வைக்கச் சொன்னேன் என்றால், ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் பிறந்த கோஸே என்ற பீர் உப்பும் தனியாவும் போட்டுப் புளிக்க வைத்தது. மோரைப் புளிக்க வைக்கும் அதே வகைப் பாக்டீரியாதான் அதற்கும் புளிப்புத் தருகிறது. பீர் புளிக்கலாமா என்று வெளியூர்க்காரர் முகம் சுளிக்கலாம். கம்பங்கூழும் பழைய சோறும் குடித்து வளர்ந்தவருக்கு அது சட்டென்று பிடித்துவிடும்.

இன்னும் ஒன்று. குழந்தைக்குக் கஞ்சி மாவு செய்ய, கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து வறுப்பார்களே, அந்த முளைத்த கேழ்வரகில் நாலைந்தை வாயில் போட்டு மெல்லுங்கள். லேசான தித்திப்பு வரும். பார்லியை அதே மாதிரி முளைகட்டிக் காயவைத்ததுதான் மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள், பிறகு வெந்நீரில் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் வாயுவுமாக மாற்றும். எவ்வளவு வறுக்கிறோமோ அவ்வளவு நிறம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ, கசப்புக்கும் மணத்துக்கும். மீதி தண்ணீர். பீர் என்பது இவ்வளவுதான்.

ஈஸ்ட் எந்தக் குளிரில் வேலை செய்கிறது என்பதில்தான் பெரிய பிரிவு. சுமார் 7 முதல் 13 டிகிரியில் மெதுவாகப் புளிப்பது லாகர், சுத்தமாக, மெலிதாக இருக்கும். 15 முதல் 24 டிகிரியில் புளிப்பது ஏல், பழ வாசனையும் மசாலா வாசனையும் அதில்தான் அதிகம். நம் கடைகளில் அடுக்கியிருப்பது ஏறக்குறைய எல்லாமே லாகர்.

கடையில் பார்க்க வேண்டியது

நம் ஊரில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் மட்டும்தான். பகல் 12 மணி முதல் இரவு 10 வரை. எலைட் கடைகளில் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பதால் பழகுகிறவர்கள் அங்கே போவது நல்லது. பார்க்க வேண்டியது விலைச்சீட்டு இல்லை, தயாரித்த தேதி. பீர் வைத்திருந்தால் மெருகேறும் பொருள் இல்லை. லாகர் மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். சேலத்துச் சித்திரை வெயிலில் கிடங்கில் கிடந்த பாட்டில் என்றால் இன்னும் சீக்கிரம் வரும்.

அடுத்தது பாட்டிலின் நிறம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு முடை நாற்றம் கிளம்பும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது. டின் என்றால் கவலையே இல்லை. ஒருமுறை ஒரு கடையில் வெயில் விழும் முன்வரிசையிலிருந்து பச்சைப் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் திறந்ததும் வந்த வாடையில் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டேன். அது அந்தக் கம்பெனியின் தப்பு இல்லை, வெயிலின் வேலை. அதிலிருந்து உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்துதான் கேட்டு வாங்குகிறேன்.

கோதுமை பீர் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். வரத்தைப் பொறுத்துக் கிடைக்கும். கிடைத்தால் ஒரு லாகரும் ஒரு கோதுமையும் வாங்கி வைத்து, நண்பரோடு பாதிப்பாதி பகிர்ந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் குடித்தால் அது பீர். இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் பேசும்.

ஊற்றுவதும் மோப்பதும்

கோப்பையைத் துலக்கியபின் நன்றாக அலசுங்கள். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது. துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்துப் பனி படர்ந்த கோப்பை பார்க்க அழகு, ஆனால் நாக்கை மரக்கவைக்கும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி போதும். கோதுமை பீரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம், கறுப்பு பீரைப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். குளிர் குறையக் குறைய வாசனை வெளியே வரும்.

கோப்பையைச் சாய்த்து முக்கால் ஊற்றி, நிமிர்த்தி மீதியை நடுவில் விடுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வேண்டும். நுரையை வீண் என்று ஊதித் தள்ளாதீர்கள், மணம் அதில்தான் ஏறி வருகிறது. டம்ளரில் நுரை பொங்க ஆற்றித் தந்த காப்பியை மோந்து பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோந்துவிட்டு ஒரு வாய் எடுத்து நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி ஒரு கணம் நிறுத்தி விழுங்குங்கள். விழுங்கிய பிறகு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். அப்போதுதான் இரண்டாவது வாசனை தெரியும். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.

பிறகு ஒரு நோட்டில் மூன்று வரி. பெயர், தேதி, என்ன நினைவுக்கு வந்தது. என் நோட்டின் முதல் பக்கத்தில் “பொரிகடலை, புது வைக்கோல், கடைசியில் வேப்பங்குச்சி” என்று இருக்கிறது. புத்தகத்துச் சொல் வேண்டாம், உங்கள் வீட்டுச் சொல்லே போதும்.

தட்டுவடை செட்டோடு

பீருக்கு நம் ஊரில் காரமான சைடு டிஷ்தான் வழக்கம். அதில் ஒரு கவனம் வேண்டும். கசப்பு அதிகமான பீரும் மிளகாய்க் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு நாக்கு எரியும். ஐபிஏ என்கிற இந்தியா பேல் ஏல் அந்த வகை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் இந்தியாவுக்கு வர, கெடாமலிருக்க ஹாப்ஸ் கூடப் போட்ட பீரின் வழிவந்தது அது. அதற்குக் காரம் குறைந்த, கொழுப்புள்ள பண்டம் சரி. வறுத்த முந்திரி, வெண்ணெய் முறுக்கு மாதிரி.

காரத்துக்குக் கோதுமை பீரை எடுங்கள். சேலத்துத் தட்டுவடை செட்டை அதோடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். மொறுமொறுப்பு, பீட்ரூட் கேரட் துருவலின் தித்திப்பு, புதினாச் சட்னி, காரச் சட்னி எல்லாம் ஒரே வாயில். அதன் பின்னால் வாழைப்பழ வாசனையுள்ள பீர் ஒரு மடக்கு போனால் காரம் தணிந்து புதினா தனியாக எழுந்து நிற்கும். எனக்குத் தெரிந்து நம் ஊருக்கென்றே அமைந்த ஜோடி இது. மேட்டூர் மீன் வறுவலுக்கு லாகர். மட்டன் சுக்காவுக்குக் கறுப்பு பீர், மிளகும் வறுத்த வாசனையும் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்காட்டில்

மலையில் குடிப்பதைப் பற்றி முதலில் ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. குடித்துவிட்டு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சட்டத்துக்காக இல்லாமல் எதிரே வரும் பேருந்துக்காக அதைச் செய்யுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் மட்டும், தங்கும் இடத்தில் அனுமதி கேட்டு, அறைக்குள். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் மாதிரி பார்வை முனைகளில் பாட்டில் திறக்கவே கூடாது. உடைந்த கண்ணாடி காட்டெருமையின் குளம்பில் ஏறும். நீலகிரியில் 2022 முதல் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் கொடுப்பது இதனால்தான். காலி பாட்டிலைப் பையில் போட்டு இறக்கிவிடுங்கள்.

இந்தக் கவனத்தோடு போனால் ஏற்காடு ஒரு நல்ல பள்ளிக்கூடம். சுமார் 1,500 மீட்டர் உயரம், மாலையில் குளிர். பீர் கோப்பையில் சூடாகாமல் அரை மணி நேரம் நிற்கும். வாசனை பார்க்க அவசரமே இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் நிழலில் அராபிகா, அந்த மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. சாயங்காலம் எஸ்டேட் காப்பியைப் பால், சர்க்கரை இல்லாமல் ஒரு சின்னக் கோப்பை குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்பு பீரை மோந்து பாருங்கள். வறுத்த விதைக்கும் வறுத்த தானியத்துக்கும் உள்ள உறவு தெரியும். காப்பியில் பழத்தின் புளிப்பு, பீரில் ரொட்டியின் தித்திப்பு என்று வேறுபாடும் தெரியும்.

ரயிலேறி பெங்களூருக்கு

கடையிலேயே காய்ச்சிக் குழாயில் பிடித்துத் தரும் பீர் சேலத்தில் இல்லை, அதற்குப் பெங்களூர் போக வேண்டும். இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கி வைத்தது சேலம் மாவட்டத்தில்தான். அவர் வக்கீலாக இருந்ததும், நகராட்சித் தலைவராக இருந்ததும் இங்கேதான். அன்றைய மாவட்டம் ஓசூர் வரை நீண்டது. இப்போது நாம் புது பீர் தேடிப் போகும் பாதையும் அந்தப் பழைய மாவட்டத்தைக் கடந்துதான் போகிறது. தருமபுரி, ஓசூர், பெங்களூர், மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர்.

கார் வேண்டாம், ரயிலில் போங்கள். தருமபுரி, ஓசூர் வழியாக ரயில்கள் இருக்கின்றன, வந்தே பாரத்தும் சேலத்தில் நிற்கிறது. இறங்கியபின் மெட்ரோ. இந்திரா நகர் நிலையத்துக்கு அருகே 2010 முதல் நடக்கும் டாய்ட் என்ற கடை புதியவர்களுக்கு நல்ல முதல் இடம். கோதுமை பீரான டின்டின், பாஸ்மதி அரிசி சேர்த்த பாஸ்மதி பிளாண்ட் இரண்டும் அங்கே பேர் போனவை. ஒயிட்ஃபீல்டு பக்கம் விண்ட்மில்ஸ் இருக்கிறது. புதுச்சேரி பக்கம் வேலை இருந்தால் அங்கே கட்டமரன் இருக்கிறது.

உட்கார்ந்ததும் முழுக் கோப்பை சொல்லாதீர்கள். “சாம்ப்ளர்” என்று கேட்டால் சின்னச் சின்னக் கோப்பைகளில் நாலைந்து வகை வரும். அதை இருவர் பகிருங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி, கசப்பானதைப் பிறகு, கறுப்பைக் கடைசியில் என்று போங்கள். இடையிடையே தண்ணீரும் ஒரு துண்டு வெறும் ரொட்டியும். இன்று புதிதாகக் குழாயில் ஏற்றியது எது என்று கேளுங்கள். காய்ச்சுகிறவர் கண்ணில் பட்டால் தயங்காமல் பேசுங்கள், அவர்கள் இதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காகக் காத்திருக்கிறவர்கள்.

பிடிக்காததற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் உண்டு. ஓரிடத்தில் எனக்கு வந்த லாகரில் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை அடித்தது. புளித்து முடியும் முன் அவசரப்பட்டு இறக்கினால் அப்படி ஆகும். காடி வாடை அடித்தால் குழாய் சுத்தமில்லை. மரியாதையாகச் சொன்னேன், மோந்து பார்த்துவிட்டு மாற்றித் தந்தார்கள். ஆனால் ஐபிஏ கசக்கிறது என்று திருப்பக் கூடாது, அது கசக்கத்தான் வேண்டும்.

ஊருக்குப் பாட்டில் கட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். பிற மாநில மதுவைக் கொண்டுவந்தால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டில் காய்ச்சுவதும் அதே கதைதான். தவிர, வடிகட்டாத, சூடாக்கிப் பதப்படுத்தாத இந்த பீர் வெயிலில் ரயில் பயணம் தாங்காது. அங்கேயே குடித்துவிட்டு நோட்டோடு திரும்புங்கள்.

நம் மண்ணின் பீர்

ஊருக்கொரு பீர் என்பது வெறும் பெயர் இல்லை. செக் நாட்டுப் பில்சன் நகரில் 1842ல் பிறந்த வெளிர் லாகர், அந்த ஊரின் மென்மையான தண்ணீரால்தான் அப்படி அமைந்தது. அரிசி விளையும் நாட்டில் அரிசி சேர்வதும் அப்படித்தான். அப்படிப் பார்த்தால் சேலத்துக்கு என்ன? கேழ்வரகு, கம்பு, மாம்பழம், காப்பி எல்லாம் சொல்லலாம். எனக்கு ஆசை மரவள்ளிக்கிழங்கின் மேல். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர் இது, ஆத்தூர் பக்கம் காடெல்லாம் கிழங்கு. மொசாம்பிக் நாட்டில் 2011ல் மரவள்ளியிலிருந்தே இம்பாலா என்ற பீரைக் காய்ச்சி விற்கத் தொடங்கினார்கள். கிழங்கின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க மால்ட்டின் நொதிகளாலும் முடியும், அதனால் செய்ய முடியாத காரியம் இல்லை.

பெங்களூர் போகும்போதெல்லாம் காய்ச்சுகிறவரிடம் இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன்: சேலத்து மரவள்ளியில் ஒரு சின்னத் தொட்டி போட்டுப் பார்ப்பீர்களா? இதுவரை யாரும் சரி என்று சொல்லவில்லை, ஒருவர் மட்டும் கிழங்கு கிலோ என்ன விலை என்று திருப்பிக் கேட்டார். நீங்கள் போகும்போதும் கேளுங்கள்.